கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்கேனரைவிட மல்டிமீட்டர் மேல்

கார் கிளம்ப மறுத்தால் காரணம் பார்க்க வீட்டில் எதை வாங்கி வைக்கலாம்? கிருஷ்ணகிரியில் எங்கள் நண்பர்களுக்குள் இரண்டு கட்சி. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, போனில் கோளாறு எண்ணைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் இன்னொன்று. எளிய மாடல்களில் விலை பெரிதாக வேறுபடாது. நான் வாங்கியது மல்டிமீட்டர்.

வாசலில் நிற்கும் கார் கிளம்பாததற்கு அடிக்கடி பார்க்கும் காரணம் பேட்டரி, இல்லையென்றால் அதன் இணைப்பு. பேட்டரி முனையில் வயர் மாட்டும் டெர்மினல் லூசாக இருப்பதற்கோ எர்த் வயர் கெட்டுப்போனதற்கோ ஸ்கேனரில் பெரும்பாலும் எண்ணே வராது. பேட்டரி இறங்கிவிட்டால் ஸ்கேனரும் பேசாது, அதற்கும் கரண்ட் அங்கிருந்துதானே வரவேண்டும்!

மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஆனால் இதோடு நிறுத்தக்கூடாது. ஒருவர் சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும், விஷயமே அங்கேதான். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். 12-ஐ ஒட்டியே நின்று 'டிக்' சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியை விட்டுவிடுங்கள். இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது ஸ்டார்ட்டரே கோளாறு.

தளியில் ஒரு மார்கழிக் காலையில் மச்சான் வண்டி இப்படித்தான் நின்றது. குளிர், பேட்டரி போயிற்று என்றார்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 8 வோல்ட். கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி. வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். ஒரே திருப்பில் கிளம்பியது. புது பேட்டரிச் செலவு மிச்சம்.

சரி, ஸ்கேனர் எப்போது ஜெயிக்கும்? ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதபோது. தொப்பூர் கணவாயில் ஏறும்போது சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டி என்றால் இன்ஜின் சுற்றுவதைக் காரின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஸ்கேனரில் அதற்கான பி0335 என்ற எண் விழுந்தால் தேடல் சுருங்கிவிடும். எண் விழாததால் சென்சார் நல்லது என்றும் சொல்ல முடியாது. மலிவான ஸ்கேனர்கள் சில வண்டிகளோடு சேரவும் சேராது. பெட்ரோல் பம்ப் ஓடுகிறதா என்பதற்கு இரண்டு கருவியும் வேண்டாம்: சாவியை ஆன் செய்ததும் பல வண்டிகளில் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடி 'ங்ங்' என்று கேட்கும்.

நான் பார்த்ததெல்லாம் பெட்ரோல் வண்டி. டீசலில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே ஸ்கேனருக்கு இன்னும் வேலை இருக்கலாம்.

மல்டிமீட்டர் வாங்குபவர்கள் டிசி 20 வோல்ட்டில் வைத்து அளக்கவும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் சொருகி பேட்டரியில் வைத்துவிடாதீர்கள், அது நேரடி ஷார்ட்.