யூனிட்டுக்கு ஒரு காசு கூடுதல்: ‘பசுமை’ மின்திட்டம், ஓராண்டுக்குப் பின்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்காக, மின்சாரம் விற்கும் ஒரு நிறுவனத்தின் ‘பசுமை’ திட்டத்தில் சென்ற ஆண்டு ஈராண்டு ஒப்பந்தம் செய்தேன். வழக்கமான திட்டத்தைவிட யூனிட்டுக்கு 1 காசு கூடுதல். மாதம் ஏறக்குறைய 360 யூனிட் பயன்படுத்துவதால் 3 வெள்ளி 60 காசு. மாறுவது எளிதாக இருந்தது, தொலைபேசியில் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

குறையெல்லாம் அவர்களது செயலி காட்டும் கணக்கில்தான். கம்பி வழியே வருவது பக்கத்து வீட்டுக்கு வரும் அதே மின்சாரம். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைப்பது; யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு என்று கொண்டால் எங்கள் பங்கு மாதம் 144 கிலோ. அதற்கு ஈடாக வெளிநாட்டில் காடு காக்கும் திட்டமொன்றின் கரிமப் புள்ளிகளை (அங்கே தவிர்க்கப்பட்ட கரியமில வாயுவுக்கான சான்றுகளை) வாங்கிவிட்டு, செயலியில் பச்சை நிறத்தில் ‘0’ என்று போடுகிறார்கள். அந்தக் காடு எந்த நாட்டில் இருக்கிறது என்று மூன்று முறை எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. “சுழியம் என்றால் இரவு முழுக்க ஏர்கான் போடலாமே?” என்றார் என் மாமியார்.

அந்த 144 கிலோவின் விலையை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். கரியமில வாயு வெளியீட்டுக்கு இங்கு அரசு விதிக்கும் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. இப்போதைய விகிதத்தில் 6 வெள்ளி 48 காசு வருகிறது. வெப்ப மரணங்கள், விளைச்சல் இழப்பு, கடல்மட்ட உயர்வு போன்ற சேதங்களைக் கணக்கில் எடுத்து, டன்னுக்கு சுமார் 190 அமெரிக்க டாலர் என 2023இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவை மதிப்பிட்டது. அதன்படி, எங்கள் வீட்டின் ஒரு மாத மின்சாரம் முன்பின் அறியாதவர்கள் தலையில் ஏற்றும் சுமை 27 டாலர். இதுவும் மின்நிலையத்தின் புகைபோக்கிக் கணக்கு மட்டுமே. எரிவாயுக் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் காலத்தில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்குக்குமேல் புவியைச் சூடாக்கக்கூடியது. அது எந்த ரசீதிலும் இல்லை. நிலக்கரியைவிட எரிவாயு தூய்மையானது என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லிச் சுழியம் போட இயலாது.

ஐந்துக்கு இரண்டு புள்ளி தருகிறேன். இடையில் விலகினால் கட்டணம் உண்டு என்பதால் தவணை முடியும்வரை இருந்துவிட்டு, வழக்கமான திட்டத்துக்கு மாறி, மிச்சமாகும் காசில் மாமியார் அறைக்கு நல்ல மின்விசிறி ஒன்று வாங்கப் போகிறேன்.