மேடிசனில் ஏரி தெரியும் வீட்டுக்குக் காசு கொடுக்கலாமா?

மேடிசனுக்குப் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏரி பக்கத்துல வீடு கிடைக்குமா?" விஸ்கான்சின் மாநிலத்தின் இந்தத் தலைநகரில் நடு ஊர் என்பதே இரண்டு ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு மண் பட்டைதான். ஒரு பக்கம் மெண்டோட்டா, மறுபக்கம் மொனோனா. குறுகலான இடத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். பக்கத்தில் இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும்.

நான் இங்கே மூன்று இடங்களில் குடியிருந்தேன். ஏரி தெரிகிறது என்பதற்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. கொடுப்பதானால் ஹீட்டிங்குக்கும் பஸ்ஸுக்கும் கொடுங்கள்.

முதல் வருடம் ஸ்டேட் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு அபார்ட்மென்ட். தெருவின் ஒரு முனையில் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் கோபுரம், மறுமுனையில் பல்கலைக்கழகம். சாதாரணக் கார்கள் இந்தத் தெருவில் போகக் கூடாது. கேப்பிட்டலைச் சுற்றி ஒரு மைலுக்குள் அதன் குவிமாடத் தூண்களின் அடிமட்டத்தைத் தாண்டி எந்தக் கட்டடமும் எழக் கூடாது என்று சட்டம் உண்டு. உயரம்தான் கட்டுப்பட்டது, வாடகை இல்லை. மொட்டைமாடி நீச்சல்குளம், ஜிம் என்று புதுக் கட்டடங்கள் வரிசையாக எழுந்துவிட்டன. அவர்கள் விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் வீட்டுக்கு அல்ல, ஒரு கட்டிலுக்கு. இதைக் கவனிக்காமல் "அட, மலிவா இருக்கே" என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். வகுப்புக்கு ஐந்து நிமிட நடை, அது உண்மை. வியாழன் இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை தூக்கம் கிடையாது, அதுவும் உண்மை. என் ஜன்னலில் மெண்டோட்டா ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரியும். டிசம்பர் கடைசி வாக்கில் அதுவும் உறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். ஏரி என்றைக்கு உறைகிறது, என்றைக்கு உருகுகிறது என்று 1850களிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கு அதில் அவ்வளவு ஆர்வம்.

அடுத்த இரண்டு வருடம் கிழக்கே, வில்லியம்சன் ஸ்ட்ரீட் பக்கம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, "வில்லி ஸ்ட்ரீட்" என்றால்தான் தெரியும். நூறு வயதைத் தொட்ட மரவீடுகள். கீழே ஒரு குடும்பம், மாடியில் நாங்கள் மூன்று பேர். மனசுக்குப் பிடித்த பேட்டை இதுதான். உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவு மளிகைக்கடை, சைக்கிள் பாதை, இரண்டு தெரு நடந்தால் மொனோனா. ஆளுக்கு விழுந்த வாடகை ஸ்டேட் ஸ்ட்ரீட்டைவிட நன்றாகவே குறைவு.

முதல் குளிர்காலத்து ஹீட்டிங் கேஸ் பில் வந்ததும் அந்த "குறைவு" கரைந்தது. ஜனவரியில் இரவில் மைனஸ் பத்து செல்சியஸ் என்பது இங்கே சாதாரணம், சில நாள் மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். எங்கள் மர ஜன்னல்களின் இடுக்கில் கையை வைத்தால் காற்று விரலில் குத்தும். ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிடைக்கும். நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு மத்தளத் தோல்போல் விறைத்து நிற்கும். வெளியே காற்று அடிக்கும்போது அது உள்பக்கம் உப்பி உப்பி மூச்சுவிடும். நள்ளிரவில் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் வாடகை ஒப்பந்தத்தில் "ஹீட் உட்பட" என்ற இரண்டு சொற்களின் விலை புரிந்தது. மேடிசன் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் அந்த வீட்டின் சராசரிச் செலவு தெரிந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

காலி செய்தபோது வீட்டுக்காரர் பெயின்ட் செலவு என்று டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். நல்லவேளை, குடிவந்த முதல் 7 நாளுக்குள் இருந்த கீறல், கறையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். விஸ்கான்சின் விதிப்படி 21 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், பிடித்தால் எதற்கு எவ்வளவு என்று கணக்கு எழுதித் தர வேண்டும். அதைச் சொல்லி ஒரு கடிதம் போட்டேன், காசோலை வந்தது.

கல்யாணம் ஆனதும் ஈகிள் ஹைட்ஸ். வளாகத்தின் மேற்குக் கோடியில், மெண்டோட்டாவை ஒட்டிய மரக்காட்டுக்குள் பல்கலைக்கழகம் நடத்தும் குடியிருப்பு. ஆராய்ச்சி மாணவர்கள், குடும்பத்தோடு இருப்பவர்களுக்கானது. கட்டடம் பார்க்க அரசு குவார்ட்டர்ஸ் மாதிரிதான் இருக்கும், அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஹீட்டிங், தண்ணீர், இணையம் எல்லாம் வாடகைக்குள் அடக்கம். வாசலில் 80-ஆம் எண் பஸ், டிக்கெட்டே கிடையாது. 1962-இல் தொடங்கிய சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி எடுத்து நாங்கள் வெண்டையும் பச்சைமிளகாயும் போட்டோம். பக்கத்துப் பாத்திக்காரப் பாட்டி கொரியாவில் இருந்து வந்தவர். எங்களுக்குள் பொது மொழி இல்லை, மிளகாய் மட்டும் வேலிக்கு மேலே போய்வரும். குறை என்று பார்த்தால், காத்திருப்போர் பட்டியல். நினைத்தவுடன் வீடு கிடைக்காது.

வேலைக்கு வருகிறவர்கள் கதை வேறு. பக்கத்து ஊரான வெரோனாவில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனம் இருப்பதால் நம் ஆட்கள் பலர் ஃபிட்ச்பர்க், மிடில்டன் என்ற புறநகர்கள் பக்கம் போய்விடுகிறார்கள். இடம் தாராளம், பார்க்கிங் தாராளம், கார் இல்லாவிட்டால் சிறை. கார் வைத்துக்கொண்டு ஊருக்குள் இருப்பதும் லேசில்லை. குளிர்காலத்தில் நகரம் பனி அவசரநிலை அறிவிக்கும் இரவுகளில், பனி அள்ளுவதற்காகத் தெருவின் ஒரு பக்கம் மட்டுமே வண்டி நிறுத்தலாம், அதுவும் தேதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாளுக்கொரு பக்கமாக மாறும். நம்ம ஊரில் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்துத் தெருவில் கோலமா போடுகிறோம்? இங்கே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் கேம்ப் ராண்டல் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வீடு கிடைக்கும், ஆனால் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். பிடித்தவர்கள் அங்கே குடிபோகலாம்.

எந்தப் பேட்டையானாலும் ஆகஸ்ட் 15-ஐ மறக்க முடியாது. நமக்கு அது சுதந்திர தினம், மேடிசனுக்கு வீடு மாறும் நாள். வளாகத்தைச் சுற்றியுள்ள பெரும்பாலான லீஸ்கள் 14-ஆம் தேதி முடிந்து 15-ஆம் தேதி தொடங்கும். நடுவில் ஒரு ராத்திரி ஊரில் பாதிப் பேருக்கு வீடு இருக்காது. வாடகை டிரக்கிலேயே படுத்துக்கொண்டவர்கள் உண்டு. நடைபாதை நெடுக சோபா, மேசை, மைக்ரோவேவ் கிடக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு "ஹிப்பி கிறிஸ்துமஸ்" என்று பெயர். என் வில்லி ஸ்ட்ரீட் மேசையும் நாற்காலியும் அப்படி வந்தவைதான். மெத்தையை மட்டும் எடுக்காதீர்கள், மூட்டைப்பூச்சி இலவச இணைப்பு.

ஏரிக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் ஏரிக்கரை முற்றமான மெமோரியல் யூனியன் டெரஸில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு நாற்காலியைக் கரைக்கு இழுத்துப் போட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் காசு கேட்கமாட்டார்கள். ஏரிக்குள் நீளும் நிலமுனையான பிக்னிக் பாயின்ட் வரை நடக்கவும் காசில்லை. கோடையில் பண்ணைகளின் மாட்டெரு மழையில் அடித்துவரப்பட்டு, அந்தப் பாஸ்பரஸில் நீலப்பச்சைப் பாசி கரையோரம் திரளும்போது, ஏரி பார்த்த ஜன்னல்காரர்கள்தான் முதலில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

இதற்கு மேலும் ஏரி தெரியும் வீட்டில் இருந்தே தீர வேண்டும் என்றால் மே மாதம் மெண்டோட்டா கரையோரத்து லாங்டன் ஸ்ட்ரீட்டில் சப்லீஸ் (மற்றவரின் லீஸில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு வாடகைக்கு எடுப்பது) தேடுங்கள். ஆகஸ்ட் வரை லீஸில் மாட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும் மாணவர்கள் கிடைத்த வாடகைக்குத் தள்ளிவிடுவார்கள். பாசி வாடையோடு சேர்த்து.