கம்பம் வண்ண மீன் கடை: வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்

கம்பம்மெட்டு ரோட்டில் இருக்கும் சின்னக் கடை. கப்பி, மோலி, பைட்டர், கோல்டு எல்லாம் உண்டு, தொட்டிகள் சுத்தம், விலை மட்டும் மற்ற இடங்களைவிடப் பத்து இருபது ரூபாய் கூட. நான் இங்கே எழுத வந்தது ஒரு சக்கர் மீனுக்காக.

இரண்டு வருடம் முன்பு வேறொரு கடையில் என் மகனுக்கு ‘டேங்க் க்ளீனர்’ என்று விரல் நீளத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். எவ்வளவு வளரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு அடியைத் தாண்டிவிட்டது. ராத்திரியில் அதன் ஓட்டுச் செதில் கண்ணாடியில் உரசுகிற சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா, “முல்லைப் பெரியாத்துல விட்டுருங்க தம்பி, பொழச்சுப் போகும்” என்றார்.

பிழைத்துவிடும், அதுதான் எனக்குப் பயம். தென் அமெரிக்க மீன் அது. தண்ணீரில் உயிர்வாயு குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும், கரையைக் குடைந்து முட்டையிடும், துடுப்பு முள்ளில் வலை சிக்கினால் கிழிந்தே போகும். நம் அயிரை மண்ணோடு மண்ணாக மேய்கிற அடித்தரையைத்தான் இதுவும் வழித்துத் தின்கிறது.

ஜிலேபி மீனையே பாருங்கள், 1952இல் இந்தியாவுக்கு வந்தது, இன்றைக்கு நம் ஊர்க் குளத்து மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் மளமளவென்று பெருகிவிடுகிறது. மேலே தேக்கடியிலும் ஜிலேபி, சீமைக் கெண்டை, ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம் புகுந்துவிட்டன. அந்தப் பெரியாறு ஏரியிலும் அதில் சேரும் ஓடைகளிலும் மட்டுமே வாழ்கிற, உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டை வகைகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் இரையில்தான் இவை பங்குக்கு வருகின்றன. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆற்றில் அமேசானின் ராட்சத மீன் அரபைமாவே வலையில் சிக்கியது, வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதுதான்.

இந்தக் கடைக்காரர் என் சக்கர் மீனை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார், காசு கேட்கவில்லை. பின்கட்டில் சிமெண்ட் தொட்டி, அதில் இப்படித் திரும்பி வந்தவை ஏழெட்டு கிடக்கின்றன. அப்புறம் நான் புது மீன் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தொட்டி எத்தனை அடிண்ணே?” இரண்டடி என்றேன். கப்பியும் மோலியும் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு குறை, அதை அவரிடமே சொல்லிவிட்டேன். வாசல் தொட்டியில் அலிகேட்டர் கார் மீன் குஞ்சு விற்கிறார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற மீனை யார் வீட்டில் வைக்க முடியும்? “கேட்டு வர்றாங்கண்ணே” என்கிறார். அது சரியில்லை. அதனால்தான் ஐந்து இல்லை, நாலு நட்சத்திரம்.

சக்கர் மீனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் பாலித்தீன் பையில் கொண்டுபோக வேண்டாம், முள் குத்திக் கிழித்துவிடும். மூடி போட்ட பெயிண்ட் வாளி நல்லது. ஞாயிறு மாலை குமுளிப் பக்கத்துக் கூட்டம் அதிகம், வார நாளில் போங்கள்.