சுவடி கழுவும் கோமாச்சியா, ஸ்தூபிமேல் அமர்ந்த கோமாச்சியா?

ஓனோ நோ கோமாச்சி 9ஆம் நூற்றாண்டு ஜப்பானியக் கவி. கோகின்ஷூ என்ற பழைய கவிதைத் தொகுப்பின் முன்னுரை பெயர் சொல்லிப் பேசும் ஆறு கவிகளில் அவர் ஒருவர்தான் பெண். அவர் வாழ்க்கையைப் பற்றி உறுதியான செய்தி மிகக் குறைவு. மீதியைக் கதைகள் நிரப்பின, கதைகள் 'நோ' என்னும் ஜப்பானிய மரபு நாடகங்களாயின, அங்கிருந்து மர அச்சு ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, சுவடி கழுவும் காட்சி. கோமாச்சி கவிதையைத் திருடிவிட்டார் என்று போட்டிக் கவி ஒருவன் பழி சொல்கிறான். பழைய சுவடியில் அவனே அதை எழுதிச் செருகியிருக்கிறான். கோமாச்சி சுவடியைத் தண்ணீரில் அலச, புது மை மட்டும் கரைந்து போகிறது. அருமையான கதை. ஆனால் 1760களில் ஹருனோபு போன்ற மர அச்சு ஓவியர்கள் கோமாச்சி கதைகளைத் தொட்டபோது அவரைத் தங்கள் காலத்து ஏதோ நகரப் பெண்ணாக மாற்றிவிட்டார்கள். மெல்லிய விரல், கிமோனோ மடிப்பு என்று கண்ணுக்கு விருந்துதான். கவியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இன்னொரு மர அச்சு ஓவியரான யோஷிதோஷி 1886இல் வரைந்த 'சொதொபா நிலவு'. நிலவை வைத்து அவர் செய்த நூறு படங்களில் ஒன்று. பிறை நிலா, விழுந்து கிடக்கும் கல்லறைக் கட்டைமேல் கந்தல் உடுத்திய கிழவி. நம் 'ஸ்தூபி'தான் அங்கே 'சொதொபா' ஆகியிருக்கிறது. பேரழகி என்று ஊரே பேசியவரின் முகத்தில் சுருக்கத்தை யோஷிதோஷி மறைக்கவில்லை. அதே சமயம் அந்த முகத்தைப் பார்த்தால் இரக்கப்படத் தோன்றாது, பேச்சுக் கொடுக்கத் தோன்றும்.

என் ஓட்டு இதற்குத்தான். சொதொபா கோமாச்சி நாடகத்தில் துறவிகள் வந்து, புனிதமான இடத்தில் உட்காரலாமா என்று அதட்டுகிறார்கள். கிழவி பதிலுக்குப் பதில் வாதாடி வெல்கிறார்; கடைசியில் துறவிகளே வணங்குகிறார்கள். சுவடிக் கதையில் தண்ணீர் அவரைக் காப்பாற்றியது, இங்கே அவர் நாக்கு.

அப்புறம் அவருடைய புகழ்பெற்ற கவிதை. பூவின் நிறம் வீணே மங்கிவிட்டது என்கிறது. அதில் 'ஃபுரு' என்றால் மழை பெய்வது, வயதாவதும் அதுதான். 'நகமே' நெடுமழை, வெறித்த பார்வையும் கூட. சிலேடைக்குப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். நாடகத்துக் கிழவி அந்தப் பூவைத்தான் மறுபடி எடுக்கிறார்: நான் மண்ணில் புதைந்த மரந்தான், ஆனாலும் மனசுக்குள் பூ இருக்கிறது, அதைக் காணிக்கையாகப் படைக்கக் கூடாதா என்று கேட்கிறார்.