ஏரி மடையா, ஆழ்துளைக் கிணறா?

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்கள் சுமார் 39,000 உண்டு. ஏரிப் பாசனத்தில் ஒருவர் தனியே பயிர் செய்துவிட முடியாது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்வார ஊரே இறங்க வேண்டும். மதகைத் திறந்து, முறை வைத்துக் கடைமடை வரை நீரைக் கொண்டுபோவது நீர்க்கட்டி எனப்படும் ஊர் நீர்ப் பங்கீட்டாளரின் பொறுப்பு. அவருக்குக் கூலி அறுவடை நெல்லிலிருந்து. கோடையில் அள்ளும் வண்டல் வயலுக்கு உரமாகும். அள்ளாமல் விட்டால் கொள்ளளவு சுருங்கி, பாதி மழையிலேயே உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழியும். மழை பொய்த்தால் ஏரியும் கைவிடும் என்பது உண்மைதான்.

ஆழ்துளைக் கிணற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆறரை அங்குலத் துளை, மேல்மண் சரியாமலிருக்க கேசிங் குழாய், நீர்மூழ்கி மோட்டார், இலவச மின்சாரம். ஆனால் கொங்குப் பகுதி போன்ற பாறை நிலத்தில் ஆழத்தில் நீர் இருப்பது பாறை வெடிப்புகளில் மட்டுமே. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் ஆழமாகத் துளையிட்டு இறைத்தால் நம் மோட்டார் காற்றை இழுக்கும்.

வேதனை என்னவென்றால், ஆழ்துளைக் கிணறு வந்ததும் ஏரியைக் கவனிக்க ஆளில்லை. சீமைக்கருவேலம் மண்டி, வரத்துக்கால் அடைபட்டு, ஏரி நிரம்பாமல் போகிறது. அதன் ஊற்றை நம்பிய கிணறுகளும் வற்றுகின்றன. ஆகவே முதல் செலவு ஏரிக்கே என்போம். முதலில் வரத்துக்கால், பிறகு மதகு, கடைசியில்தான் ஏரியைத் தூர்வாருவது. கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த நீர் வயலுக்குப் பாயாது.