ஒப்படைத்தபின் பார்க்க விடாத சேவை: சிலிம் ரிவர் வட்டாரத்தின் காட்டுயிர் மீட்புக் கூடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலிம் ரிவர் வட்டாரத்தில், அடிபட்ட காட்டுயிர்களுக்கு மருத்துவம் பார்த்து மீண்டும் வெளியில் விடும் சிறிய கூடம் ஒன்று தன்னார்வலர்களாலும் நன்கொடையாலும் நடந்து வருகிறது. அதன் பெயரையும் இருக்குமிடத்தையும் நான் எழுதப் போவதில்லை. அவர்களே அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். இடம் வெளியில் தெரிந்துவிட்டால், இரவோடு இரவாகக் குரங்குக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுப் போகிறவர்களும், உடும்பு இருந்தால் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டு வருகிறவர்களும் பெருகிவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய அனுபவம். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் தொலைபேசி எண் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

கடந்த அக்டோபர் மாதம், செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற என் தம்பி, தோட்டச் சாலையின் ஓரத்தில் ஒரு கூகை உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறான். விளக்கு வெளிச்சம் மேலே பட்டும் அது பறக்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது அலகின் ஓரத்தில் இரத்தம் கசிந்திருந்தது. சிறகில் காயமோ முறிவோ எதுவும் தெரியவில்லை. அரிசிக் கோணியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாவுக்குக் கூகை குழறினால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்ற அச்சம் இன்றும் உண்டு. அது கோணிக்குள் இருந்துகொண்டே வீட்டுக்குள் வந்ததும் அவர் சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை.

தொலைபேசியை எடுத்தது ஓர் இளைஞர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் "டீச்சர்" என்று அழைத்து, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். கோணியின் வாயைத் தளர்த்தி, பறவையைத் தொடாமல் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். பெட்டியின் பக்கங்களில் பென்சில் பருமனுக்குத் துளைகள் இட வேண்டும். அடியில் பழைய பருத்தித் துணியை விரித்து, மூடியை அடைத்து, இருட்டான அறையில் வைக்க வேண்டும். "தண்ணீர் மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள், டீச்சர். மூச்சுக்குழாயில் இறங்கினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று இருமுறை சொன்னார். இரக்கத்தால் ஊற்றப்படும் அந்த ஒரு கரண்டித் தண்ணீரே நுரையீரலுக்குள் போய்ப் பறவையைக் கொன்றுவிடக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அம்மாவின் அச்சத்தைச் சொன்னபோது அவர் நகைக்கவில்லை. "பாட்டியிடம் சொல்லுங்கள், அது நாளைக் காலையில் போய்விடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தச் சேவைக்கு உயர்ந்த மதிப்பைத் தருவேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பெட்டியை ஒப்படைத்தோம். எங்கே, எந்த நேரத்தில், எந்த நிலையில் கண்டோம், அருகில் எலி மருந்து போட்டிருந்தார்களா என்றெல்லாம் கேட்டு ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்பது பிறகு புரிந்தது. செம்பனை மரத்தடியில் வைக்கப்படும் எலி மருந்துக் கட்டிகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாட்கள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியே கூகைக்கு எளிதில் அகப்படுகிறது. அப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்னும் கூகையின் உடலிலும் நஞ்சு சேர்ந்து, வெளியில் காயமே இல்லாமல் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்குகிறது. வார்ஃபரின் போன்ற பழைய மருந்துகளைக் காட்டிலும் புரோடிஃபாக்கூம் போன்ற பிந்திய மருந்துகள் உடலில் நீண்ட காலம் தங்குவதால், பறவைகளுக்கு அவற்றால் வரும் ஆபத்து அதிகம். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து வைட்டமின் கே1. ஓர் ஊசியோடு முடிந்துவிடும் மருத்துவம் அன்று அது. வாரக்கணக்கில் தொடர வேண்டும், இடையில் நிறுத்தினால் கசிவு திரும்பிவிடும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. நம் நாட்டில் வணிக அடிப்படையில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது 1917இல், கோல சிலாங்கூரில் உள்ள தென்னமராம் தோட்டத்தில் (பெயரைக் கேட்டாலே நம்மவர் காதுக்குத் தென்னைமரம் என்றுதான் விழும்). தீபகற்பத்தில் முன்பு அரிதாக இருந்த கூகை, செம்பனையும் அதோடு எலியும் பெருகிய பிறகே இங்கே பெருகியது. தோட்ட நிர்வாகங்களே கம்பம் நட்டு, பெட்டி பொருத்தி, எலி பிடிக்க அதைக் குடியமர்த்தின. அப்படி வேலைக்கு அழைத்துவரப்பட்ட பறவைக்கு, அதே தோட்டத்தில், அதே எலியின் வழியாக நஞ்சு போய்ச் சேர்கிறது.

இனி, இந்தக் கூடத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் செய்திக்கு வருகிறேன். பறவையை ஒப்படைத்த பிறகு அதைப் பார்க்க எங்களை அனுமதிக்கவில்லை. தம்பி நன்கொடையாக ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டு, ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான், பணிவாக மறுத்துவிட்டார்கள். அதற்குப் பெயர் வைப்பதும் இல்லை. அட்டையில் உள்ள எண்தான் அதன் அடையாளம். முதலில் எனக்கு இது கடுமையாகத்தான் பட்டது. பிறகு பொறுப்பாளரான அம்மையார் விளக்கினார். காட்டுயிரின் கணக்கில் மனிதக் கண் என்பது வேட்டையாடும் விலங்கின் கண். நாம் அன்போடு குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது, பிடிபட்டேன், இனிச் சாகப் போகிறேன் என்றே உணர்கிறது. அந்தப் பதற்றமே நலிந்த உடலைக் கொன்றுவிடலாம். பதற்றம் பழகிப்போனாலோ அதைவிடக் கேடு, ஏனென்றால் மனிதனுக்கு அஞ்சாத கூகை விடுவிக்கப்பட்ட மறுவாரமே யாராவது ஒருவரின் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்து கல்லடி படும். ஆகவே கூண்டுகளைக் கறுப்புத் துணி மூடியிருக்கிறது; உணவு சிறு திறப்பின் வழியாகவே உள்ளே போகிறது; உள்ளே பணி செய்கிறவர்கள் பேசுவதில்லை. நன்கொடையாளரைக் கவர்வதற்குக் குட்டிகளை மடியில் வைத்துப் படம் எடுத்து வெளியிடும் இடங்களை நாம் நிறையப் பார்க்கிறோம். காட்ட மறுக்கும் இடத்தில்தான் விலங்குக்கு மருத்துவம் நடக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

பார்க்க விடாதவர்கள், நடந்ததை மறைப்பதும் இல்லை. என் மாணவன் ஒருவனின் வீட்டில், அடுக்கிய மட்டைகளின் அடியில் கிடைத்த இரண்டு புள்ளிப் பூனைக்குட்டிகளை ஐந்து நாட்கள் பால்மாவு கரைத்துக் கொடுத்து வளர்த்திருந்தார்கள். அவை வீட்டுப் பூனைகள் அல்ல, சிறுத்தைப் பூனைகள். காதின் பின்புறம் கறுப்பாகவும் அதன் நடுவில் வெள்ளைப் பொட்டோடும் இருந்தால் ஐயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் தாய் இரை தேடிப் போயிருக்கும். குட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டு விலகினால் திரும்பி வந்து எடுத்துப் போய்விடும். பசும்பால் அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வந்து உடல் வற்றிவிடும். நான் சொல்லித்தான் அந்தக் குடும்பம் குட்டிகளைக் கூடத்துக்குக் கொண்டுபோனது. ஒன்று அன்றிரவே இறந்தது. மற்றொன்று தேறியது, ஆனால் மனித வாடைக்குப் பழகிவிட்டதால் அதைக் காட்டில் விட முடியுமா என்று உறுதி சொல்ல இயலாது என்று மாணவனின் தந்தையிடம் நேராகவே தெரிவித்தார்கள். அவர் மனம் நொந்துதான் திரும்பினார். ஆயினும், நலமாகிவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பியிருந்தால், அடுத்த முறை குட்டியைக் கண்டாலும் அவர் அதையேதான் செய்வார்.

சிறுத்தைப் பூனை, தேவாங்கு, அழுங்கு போன்றவை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்றவை. சிறப்பு அனுமதியின்றி, இரக்கத்தின் பேரில் என்றாலும், வீட்டில் வைத்திருப்பது குற்றம். இந்தக் கூடம் வருகிற ஒவ்வோர் உயிரையும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு உடனே தெரிவிக்கிறது. இத்தகைய இனங்களை முதலுதவியோடு துறையிடம் ஒப்படைத்துவிடுகிறது. தேசிய வனவிலங்கு மீட்பு மையம் அருகில் உள்ள சுங்காயிலேயே இருப்பது நம் வட்டாரத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. சட்டத்தைச் சுற்றிப் போகாமல் அதன் வழியாகவே போகும் இந்த ஒழுங்கு, நன்கொடை கொடுக்கும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது.

தன்னார்வலராகச் சேர விரும்பிய என் அண்ணன் மகள் வழியாக உள்நடைமுறையையும் ஓரளவு அறிந்தேன். முதல் மூன்று மாதங்களுக்கு விலங்குகளின் அருகிலேயே விடுவதில்லை. தட்டு கழுவுதல், கூண்டுத் தாள் மாற்றுதல், காடைக்கறி நறுக்குதல், துணி துவைத்தல் ஆகியவையே வேலை. ரணசன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் பற்றிய பாடம் கேட்ட பிறகே கையுறை தருகிறார்கள். குட்டிக் குரங்கைக் கொஞ்சலாம் என்று வருகிறவர்கள் இரண்டாவது ஞாயிறோடு நின்றுவிடுகிறார்களாம். நிலைத்திருப்பவர்களில் தோட்டத்து இளைஞர்கள், மலாய்க்காரக் கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற சீன மருத்துவ உதவியாளர் ஒருவர் எனப் பலரும் இருக்கிறார்கள்.

பணமாகக் கொடுப்பதற்கு ரசீது தருகிறார்கள்; மாதந்தோறும் வரவு செலவைக் கொடுத்தவர்களுக்கு அனுப்புகிறார்கள். பொருளாகக் கொடுப்பதிலும் அவர்களுக்குத் தெளிவு இருக்கிறது. எங்கள் அம்மன் கோயில் மகளிர் குழு புதிய பூந்துவாலைகளை வாங்கிக் கொடுத்தபோது அவற்றைத் திருப்பிக் கொடுத்து, பழைய வேட்டிகளையும் சாரோங்குகளையும் கேட்டார்கள். துவாலையின் நூல் வளையங்களில் நகம் சிக்கினால் பறவையின் விரல் முறிந்துவிடுமாம். சிலருக்கு இது மனவருத்தமாகிவிட்டது. காரணத்தை முன்கூட்டியே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம்.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியை எடுப்பதில்லை. அப்போது ஒலிக்கும் பதிவுக் குரல் மலாயில் மட்டுமே இருக்கிறது. காட்டுயிரை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்களாக இருக்கும் வட்டாரத்தில், பெட்டி, இருட்டு, தண்ணீர் கூடாது என்ற மூன்று செய்திகளையாவது தமிழில் பதிந்து வைக்க வேண்டும். வண்டி வசதி அவர்களிடம் இல்லை என்பதால், உள்தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர் அடிபட்ட மலைப்பாம்பை எப்படிக் கொண்டுவருவார் என்ற கேள்விக்கும் விடை இல்லை. எங்கள் கூகையைப் பற்றி முதல் செய்தி வர ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களும் அம்மாவே என்னை நாள்தோறும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இவற்றைவிடப் பெரிய மாறுபாடு எனக்கு வேறொன்றில் உண்டு. நஞ்சு தின்ற கூகைகள் தொடர்ந்து வருகின்றன என்று அவர்களுக்குத் தெரிந்தும், தோட்ட நிர்வாகங்களிடம் அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். விடுவிக்க இடம் தருவதும் பெட்டி வைக்க அனுமதிப்பதும் அதே நிர்வாகங்கள்தாம், உறவு கெட்டுவிடக்கூடாது என்பது அவர்களின் தரப்பு. அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், கூகைப் பெட்டிகள் இருக்கும் பகுதிகளில் மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும் என்று, கையிலிருக்கும் அட்டைகளையே சான்றாக வைத்து எழுதிக் கேட்கலாம். வந்த பறவையை மட்டும் குணப்படுத்திக்கொண்டிருந்தால் வைட்டமின் கே1 வாங்கும் செலவு என்றைக்கும் குறையாது.

ஆறு வாரங்களுக்குப் பிறகு, நவம்பர் இறுதியில், தம்பியை மட்டும் அழைத்தார்கள். கூகையைக் கண்டெடுத்த இடத்தை அவன்தான் காட்ட முடியும், அதன் எல்லை அங்கேதான் இருக்கும் என்றார்கள். அதற்கு முன் நீண்ட கூண்டில் அது ஓசையின்றிப் பறக்கிறதா, இருட்டில் தானே இரை பிடிக்கிறதா என்று சோதித்து முடித்திருந்தார்கள். மாலை மழையால் இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாம் நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அது வெளியே வரவே இல்லையாம். பிறகு எழும்பி, மூன்றாவது வரிசை மரத்தின் மட்டையில் அமர்ந்து, சற்று நேரத்தில் அங்கிருந்தும் போய்விட்டது. யாரும் விளக்கு அடிக்கவில்லை, படம் எடுக்கவில்லை.

தம்பியின் லோரியில் இப்போது இருக்கைக்குப் பின்னால் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றும் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றும் இருக்கின்றன. பெட்டியின் மூடியில் கூடத்தின் எண்ணையும், அதன் கீழே பெர்ஹிலித்தானின் எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறான். இதுவரை இரண்டு முறை அந்தப் பெட்டி பயன்பட்டிருக்கிறது: ஒரு முறை மீன்கொத்திக்கு, ஒரு முறை மரநாய்க் குட்டிக்கு. மீன்கொத்தி பிழைக்கவில்லை. மரநாய்க் குட்டியைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கிறோம்.