கான்ஃபிக் வேரியபிளின் இடத்தை எங்கே குறித்து வைப்பது: ஷீட்டிலா, சாம்பிள் ஃபைலிலா, லேயருக்குள்ளேயா?

யோக்டோவில் (சாதனங்களுக்கான லினக்ஸைத் தொகுத்துத் தரும் கருவித் தொகுப்பு) லினக்ஸ் இமேஜ் பில்ட் செய்கிற டீம்களில் தினமும் எழும் கேள்வி, "இந்த வேரியபிளை எந்த ஃபைலில் போடணும்?" என்பதுதான். பதில் தெரிந்த ஒருத்தர் எப்போதும் இருப்பார். ஓசூர் சிப்காட் பக்கம் அந்த ஒருத்தர் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை மாறிப் போவது சகஜம், அதனால் பதிலை எழுதி வைத்தே ஆகவேண்டும். எழுதி வைக்க மூன்று வழி உண்டு. எல்லோரும் பார்க்கும் ஷீட் அல்லது விக்கி ஒன்று. ஒவ்வொருவர் பில்ட் டைரக்டரியிலும் இருக்கும் கான்ஃபிக் ஃபைலான லோக்கல்.கான்ஃபின் சாம்பிளில் கமென்ட்டாக எழுதுவது இரண்டு. லேயருக்குள் (டீமின் ரெசிபிகளும் கான்ஃபிக் ஃபைல்களும் இருக்கும் டைரக்டரி), வேரியபிளுக்கு அடுத்த வரியிலேயே எழுதுவது மூன்று. நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

எது எங்கே என்பது பெரிய ரகசியம் இல்லை. டிஎல்_டிர், எஸ்ஸ்டேட்_டிர், பேரலல்_மேக் எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும், ஆகவே சைட்.கான்ஃப் அல்லது லோக்கல்.கான்ஃப். கெர்னல்_டிவைஸ்ட்ரீ, சீரியல்_கன்சோல்ஸ், யூபூட்_மெஷின் போர்டைச் சேர்ந்தவை, மெஷின் ஃபைலுக்குப் போகும். டிஸ்ட்ரோ_ஃபீச்சர்ஸ், பிரிஃபர்டு_வெர்ஷன் போன்றவை கொள்கை முடிவுகள், எல்லா போர்டுக்கும் பொதுவான டிஸ்ட்ரோ ஃபைலில் இருக்கவேண்டும். இமேஜில் சேரும் பேக்கேஜ் பட்டியலான இமேஜ்_இன்ஸ்டால் இமேஜ் ரெசிபியில் (ரெசிபி என்பது ஒன்றை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்). யோக்டோ ரெஃபரன்ஸ் மேனுவலிலேயே இந்தப் பிரிவுப்படி பட்டியல் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதி மெனக்கெட வேண்டாம். நீங்கள் எழுதவேண்டியது உங்கள் டீம் உருவாக்கிய வேரியபிள்களையும், மேனுவலில் இருப்பதை நீங்கள் எங்கே, ஏன் மாற்றி வைத்தீர்கள் என்பதையும்தான்.

இடம் தவறினால் பில்ட் நின்றுவிட்டால் இத்தனை எழுதவே தேவையில்லை. பெரும்பாலும் நிற்காது என்பதுதான் தொல்லை. இமேஜ் ரெசிபிக்குள் டிஸ்ட்ரோ_ஃபீச்சர்ஸில் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) சேர்த்தால் எர்ரர் எதுவும் வராது. ஆனால் அந்த மதிப்பு அந்த ஒரு ரெசிபிக்கு மட்டும்தான் தெரியும். மற்ற ரெசிபிகள் எல்லாம் பழைய மதிப்பிலேயே கம்பைல் ஆகும். லோக்கல்.கான்ஃபில் = போட்டு எழுதிய மதிப்பு பலிக்கவில்லை என்றால் முதலில் டிஸ்ட்ரோ ஃபைலைப் பாருங்கள். லோக்கல்.கான்ஃபை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகுதான் யோக்டோவின் பில்ட் கருவியான பிட்பேக் மெஷின் ஃபைலையும் டிஸ்ட்ரோ ஃபைலையும் படிக்கிறது. டிஸ்ட்ரோவிலும் = இருந்தால் அதுதான் ஜெயிக்கும், ?= (ஏற்கெனவே மதிப்பு இல்லாவிட்டால் மட்டும் வைப்பது) இருந்தால் லோக்கல் மதிப்பு நிற்கும். லோக்கல்.கான்ஃபில் இமேஜ்_இன்ஸ்டாலுக்கு += (மதிப்பின் பின்னால் சேர்ப்பது) போடுவது இன்னொரு பழைய பள்ளம்: கோர்-இமேஜ் கிளாஸ் ?= மூலம் தரவிருந்த அடிப்படைப் பட்டியல் அதோடு போயே போய்விடும், இமேஜ் உருவாகும், போர்டு பூட் ஆகாது. அங்கே, எல்லாம் படித்து முடித்த பிறகு சேர்க்கும் :அப்பெண்ட் போடவேண்டும், மதிப்பின் முதலில் ஒரு ஸ்பேஸும் விடவேண்டும். ஆக, ஃபைல் பெயரை மட்டும் எழுதினால் போதாது; எந்த ஆபரேட்டர் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

ஷீட்டுக்கு உள்ள நன்மைகள் தெரிந்தவையே. கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பக்கம் வராத ஹார்டுவேர் ஆட்களும் டெஸ்டிங் ஆட்களும் திறந்து பார்க்கலாம், தேடலாம், வரிசைப்படுத்தலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரம் உதவும்.

சாம்பிள் ஃபைல் வழி பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஓட்டை இருக்கிறது. பில்ட் டைரக்டரியை முதன்முதலாக உருவாக்கும்போது ஒரே ஒரு தடவைதான் அந்த சாம்பிள் காப்பி ஆகும். பிறகு நீங்கள் சாம்பிளில் எத்தனை கமென்ட் திருத்தினாலும், ஏற்கெனவே பில்ட் டைரக்டரி வைத்திருப்பவரிடம் அது போய்ச் சேராது. ஐந்து பேர் இருந்தால் வெவ்வேறு வயதுள்ள ஐந்து லோக்கல்.கான்ஃப் இருக்கும். சொந்த கம்ப்யூட்டரைப் பற்றிய நாலு வரிக்கு மட்டும் இந்த வழி சரி.

மூன்றாவது வழியைக் கொஞ்சம் கிட்டே பார்க்கலாம். பிட்பேக்கில் எந்த வேரியபிளுக்கும் டாக் என்ற ஃப்ளாக் (வேரியபிளோடு ஒட்டிவரும் குறிப்பு) வைக்கலாம். யோக்டோவின் அடிப்படை லேயரான ஓஈ-கோரில் இருக்கும் டாக்குமென்டேஷன்.கான்ஃப் முழுக்க அந்த வகை வரிகள்தான். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைக்கு வெப்பநிலை பதியும் கேட்வே, திரை உள்ளதும் இல்லாததுமாக இரண்டு போர்டுகள் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்ட்ரோ ஃபைலில் இப்படி வரும் (பெயரைத் தமிழில் காட்டியிருக்கிறேன், ஃபைலில் ஆங்கிலப் பெரிய எழுத்துதான்):

கேட்வே_லாக்_நாட்கள் ?= "30"
கேட்வே_லாக்_நாட்கள்[டாக்] = "இடம்: டிஸ்ட்ரோ ஃபைல். காரணம்: இரண்டு போர்டுக்கும் ஒரே கொள்கை. மாற்ற: டெஸ்டுக்கு மட்டும் லோக்கலில் = போடலாம், மெஷின் ஃபைலில் கூடாது."

இடம், காரணம், யார் எப்படி மாற்றலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். பிறகு பிட்பேக்-கெட்வார் கமாண்டில் வேரியபிள் பெயரைக் கொடுத்தால், எந்தெந்த ஃபைலில் எந்த வரியில் எந்த ஆபரேட்டரால் மதிப்பு வந்தது என்ற வரலாறும், அதோடு இந்த டாக் வரியும் சேர்ந்தே திரையில் வரும். -ஆர் போட்டு ரெசிபி பெயர் கொடுத்தால் அந்த ரெசிபியின் கண்ணுக்குத் தெரியும் மதிப்பு கிடைக்கும். கெட்வார் இல்லாத பழைய ரிலீஸ் என்றால் பிட்பேக் -ஈ. இருக்கவேண்டிய இடமும் உண்மையில் இருக்கும் இடமும் ஒரே திரையில் தெரிவதை ஷீட்டால் தரவே முடியாது. டாக் வரியைத் திருத்தினால் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகுமோ என்ற பயம் வேண்டாம். எதை மறுபடி பில்ட் செய்வது என்று தீர்மானிக்கும் சிக்னேச்சர் கணக்கில் சேராத ஃப்ளாக்குகளில் டாக்கும் ஒன்று.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை, பராமரிப்புதான். யோக்டோவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) ரிலீஸ் இரண்டு வருடத்துக்கு ஒன்று: 2020 ஏப்ரலில் டன்ஃபெல், 2022 ஏப்ரலில் கர்க்ஸ்டோன், 2024 ஏப்ரலில் ஸ்கார்த்கேப். 2021 அக்டோபரில் வந்த ஹானிஸ்டரில் _அப்பெண்ட் என்பது :அப்பெண்ட் ஆனது. கர்க்ஸ்டோனில் லைசென்ஸ்_ஃப்ளாக்ஸ்_வைட்லிஸ்ட், லைசென்ஸ்_ஃப்ளாக்ஸ்_ஆக்செப்டட் ஆனது; இன்னும் பல பெயர்களும் மாறின. லேயருக்குள் பழைய பெயர் இருந்தால் பிட்பேக் ஃபைலையும் வரியையும் சொல்லி எர்ரர் காட்டும். ஓஈ-கோரின் ஸ்கிரிப்ட்ஸ்/கான்ட்ரிப் டைரக்டரியில் கன்வர்ட்-ஓவர்ரைட்ஸ், கன்வர்ட்-வேரியபிள்-ரீநேம்ஸ் என்று இரண்டு ஸ்கிரிப்ட் இருக்கின்றன; லேயரைக் கொடுத்தால் உள்ளே போய்த் திருத்தித் தரும். ஷீட்டை யார் திருத்துவது? ஷீட் தப்பாக இருந்தால் எதுவுமே உடையாது, அதனால் யாருக்கும் தெரியாது. ஒரு வரி தப்பு என்று ஒருவர் கண்டுபிடித்த அன்றிலிருந்து மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். டாக் வரி அப்படி இல்லை. மதிப்பை மாற்றுபவர் கண்ணில் அது பட்டே தீரும், ரிவ்யூவில் டிஃப் (மாறிய வரிகள்) பார்ப்பவர் கண்ணிலும் படும், வேரியபிளை அழித்தால் அதுவும் சேர்ந்து போகும்.

இதை ஒழுங்காக நடத்த இரண்டு கட்டுப்பாடு தேவை. டீமின் சொந்த வேரியபிள் எல்லாவற்றுக்கும் பொதுவான முன்னொட்டு ஒன்று. மேலே கேட்வே_ என்று வந்ததுபோல. அந்த முன்னொட்டில் தொடங்கும் ஒவ்வொரு ?= வரிக்கும் டாக் வரி உண்டா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில். கிரெப் (ஃபைலில் வரி தேடும் கமாண்ட்) தெரிந்தவர் அரை மணியில் எழுதிவிடுவார்.

குறைகளும் உண்டு. டாக் ஒரே ஸ்ட்ரிங். பத்தி பத்தியாக விளக்க ஏற்றதில்லை. நீண்ட விளக்கம் வேண்டுமென்றால் மேலே # கமென்ட்டாக எழுதுங்கள், ஆனால் \ போட்டுத் தொடரும் பல வரி மதிப்பின் நடுவே # போடாதீர்கள், பிட்பேக் பார்ஸ் செய்யும்போதே எர்ரர் சொல்லும். மொழி விஷயமும் இருக்கிறது. யூடிஎஃப்-8 லோகேல் இல்லாமல் பிட்பேக் ஓடாது என்பதால் தமிழில் எழுதத் தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை. ஓசூரில் ஒரே மேசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள், ஆகவே எளிய ஆங்கிலம்தான் நடைமுறை.

கிட் பக்கம் வராதவர்களுக்கு ஷீட் வேண்டும் என்றால், கையால் எழுதாமல் பிட்பேக் -ஈ அவுட்புட்டிலிருந்து உருவாக்குங்கள். டாக் வரிகளில் உங்கள் லேயரின் பாதை வருவதை மட்டும் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் ஓஈ-கோரின் நூற்றுக்கணக்கான வேரியபிளும் சேர்ந்து வந்து நிற்கும். தலைப்பில் கமிட் எண்ணைப் போட்டு, திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள்.

இது நாலைந்து பேர், இரண்டு மூன்று போர்டு என்ற அளவில் பார்த்த கணக்கு. பத்துப் பதினைந்து லேயரை வெவ்வேறு டீம்கள் வைத்திருக்கும் பெரிய இடத்தில் முன்னொட்டு விதியே சண்டையாகலாம். அங்கே தனி ஆவணத்துக்கு என்று ஓர் ஆள் இருந்தால் ஷீட்டும் தாக்குப்பிடிக்கலாம். யோக்டோவுக்கு மாற்றான பில்ட்ரூட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு: அதன் ஆப்ஷன்களை வரையறுக்கும் கேகான்ஃபிக்கில் பெரும்பாலான ஆப்ஷன்களுக்கு ஹெல்ப் பகுதி கூடவே இருக்கிறது, மெனுகான்ஃபிக்கில் கேள்விக்குறியை அழுத்தினால் விளக்கத்தோடு அது வரையறுக்கப்பட்ட ஃபைலும் வரியும் தெரியும்.